புனித சூசையப்பர் பந்தி: நியூ ஆர்லியன்ஸ் சிசிலியக் குடும்பங்களின் நேர்ச்சைப் பீடத்தை அமைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரில், ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 19 அன்று, இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து குடிபெயர்ந்தவர்களின் வழிவந்த குடும்பங்கள் தங்கள் வீட்டிலோ பங்கு ஆலயத்திலோ மூன்று அடுக்குப் பீடம் அமைத்து, அதில் அப்பம், அத்திப்பழப் பணியாரம், காய்கறி, மீன், பழம், மலர் ஆகியவற்றை நிறைத்து, வருகிற எவருக்கும் காசு வாங்காமல் உணவிடுகின்றன. அன்று, இயேசுவின் வளர்ப்புத் தந்தையான புனித சூசையப்பரின் திருநாள். தவக்காலத்தின் நடுவில் வருவதால் பந்தியில் இறைச்சி இராது. இந்தப் பீடத்தை முறைப்படி அமைக்க விரும்புகிறவர்களுக்கும், அமெரிக்காவில் வாழ்ந்துகொண்டு இத்தகைய வீடொன்றுக்கு உதவச் செல்லும் தமிழர்களுக்கும் பயன்படும் வகையில், நேர்ச்சை வைப்பது முதல் பீடத்தைக் கலைப்பது வரையிலான வேலைகளை இங்கே வரிசையாகத் தருகிறேன். நம் தென்மாவட்ட ஆலயங்களில் திருவிழா அசனத்துக்கு அரிசி சேர்த்து, சமைத்து, பந்தி பரிமாறிப் பழகியவர்களுக்கு இவ்வேலையின் போக்கு எளிதில் பிடிபடும்.

வேலைக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு

சிசிலியில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது. இடைக்காலத்தில் மழை பொய்த்து, பயிர் கருகி, மக்கள் பட்டினியால் மடிந்துகொண்டிருந்தபோது, அவர்கள் சூசையப்பரிடம் மன்றாடினார்கள், மழை வந்தது. அதுவரை அவர்களைக் காப்பாற்றியது, கால்நடைத் தீவனமாக விளைந்த ஃபாவா என்னும் பெரிய அவரை. அறுவடை கண்டதும், விளைந்ததையெல்லாம் கொண்டுவந்து பந்தி வைத்து, முதலில் ஏழைகளை உட்காரவைத்தார்கள். இன்றும் சிசிலியின் திராப்பானி மாகாணத்திலுள்ள சலேமி ஊரில், மார்ச் மாதத்தில் அப்பத்தாலேயே அலங்கரித்த பீடங்களை வீதிதோறும் காணலாம்.

1880 முதல் 1924 வரை 40 லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர் அமெரிக்காவுக்கு வந்தனர்; அவர்களில் பெரும்பான்மையோர் தெற்கு இத்தாலியையும் சிசிலியையும் சேர்ந்த ஏழைக் குடியானவர்கள். பலெர்மோ துறைமுகத்திலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்கு நேரடியாகக் கப்பல் வந்ததால் அந்நகரில் சிசிலியர் கூட்டம் பெருகிற்று. அடிமைமுறை ஒழிந்தபின் ஆள் தேடிய கரும்புத் தோட்டங்களில் அவர்கள் கூலிவேலை செய்தார்கள். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் பிரெஞ்சு மார்க்கெட்டில் காய், பழக் கடைகள் போட்டார்கள். நகரின் பழைய பகுதியான பிரெஞ்சு குவார்ட்டரின் கீழ்ப்பகுதிக்கு அக்காலத்தில் 'சின்ன பலெர்மோ' என்றே பெயர்.

அந்த நகரம் அவர்களை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. காவல்துறைத் தலைவர் டேவிட் ஹென்னஸி கொல்லப்பட்ட வழக்கில் எவர்மீதும் குற்றம் நிரூபணமாகாத நிலையில், 1891 மார்ச் 14 அன்று ஒரு பெருங்கும்பல் சிறைக்குள் புகுந்து 11 இத்தாலியரைக் கொன்றது. சூசையப்பர் திருநாளுக்கு ஐந்தே நாள் இருந்தது. நகர நிர்வாகம் இதற்கு முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2019இல்தான். தங்களை வெறுத்த நகரத்திலேயே, வாசலைத் திறந்துவைத்து, முன்பின் தெரியாதவரையும் உள்ளே அழைத்து உணவிடும் வழக்கத்தை இந்தக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கின்றன என்பதை எண்ணும்போது, பீடத்தின் அழகைவிட அந்தத் திறந்த வாசலையே நான் பெரிதாகக் கருதுகிறேன். இந்த வழிகாட்டியிலும் எது முக்கியம், எதை விடலாம் என்று நான் சொல்லுமிடமெல்லாம் இந்த அளவுகோலைக் கொண்டே சொல்கிறேன்.

முதற்படி: நேர்ச்சையும் கையேந்துதலும்

பீடம் வைப்பதற்குக் காரணம் வேண்டும். நோய் தீர்ந்தது, போருக்குப் போன மகன் உயிரோடு திரும்பினான், வேலை கிடைத்தது, பிரிந்த குடும்பம் சேர்ந்தது என்று ஏதோவொரு வேண்டுதல் நிறைவேறியதற்கு நன்றியாகவே பெரும்பாலும் பீடம் நேர்ந்துகொள்ளப்படுகிறது. ஓராண்டுக்கு மட்டும் நேர்ந்துகொள்பவர்களும் உண்டு. உயிருள்ளவரை ஆண்டுதோறும் வைப்பதாக நேர்ந்துகொள்பவர்களும் உண்டு. வாழ்நாள் நேர்ச்சை என்றால் குடும்பத்தில் எல்லோரிடமும் கலந்துகொண்டு முடிவெடுங்கள், ஏனெனில் முதுமையில் அந்தச் சுமை பிள்ளைகளின் தோளில்தான் இறங்கும்.

அடுத்து, பொருள் சேர்க்க வேண்டும். பழைய முறைப்படி, பீடத்துக்கு வேண்டிய மாவு, எண்ணெய், சர்க்கரை, மீன், பழம் எதையும் வீட்டுக்காரர் தம் பணத்திலேயே வாங்கிவிடக் கூடாது; உறவினர், அண்டை வீட்டார், கடைக்காரர் ஆகியோரிடம் கேட்டுப் பெற வேண்டும். வசதியுள்ள குடும்பமும் அன்று கையேந்தியே ஆக வேண்டும் என்பதுதான் இதன் உட்பொருள். இன்று பலர் இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு மொத்த விலைக் கடைக்குப் போய் எல்லாவற்றையும் வாங்கி வந்துவிடுகிறார்கள். அவ்வாறு செய்ய வேண்டாம் என்றே கேட்டுக்கொள்வேன். ஒருவரிடம் 2 கிலோ மாவு, இன்னொருவரிடம் ஒரு பெட்டி எலுமிச்சை, மீன்கடையில் ஒரு முழு மீன் என்று பத்துப் பதினைந்து பேரிடமாவது கேளுங்கள். கொடுத்தவர் ஒவ்வொருவரும் அன்று பந்திக்கு வருவார். இதிலிருந்து எவரும் ஒரு காசுகூட லாபம் பார்க்கக் கூடாது. வருகிறவர்கள் காணிக்கைக் கூடையில் போடுகிற பணம் அப்படியே ஏழைகளுக்குப் போக வேண்டும்.

நாள் கணக்கு

மார்ச் 19 தவக்கால ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் திருவழிபாட்டில் திருநாள் மறுநாள் திங்களுக்கு மாறும். புனித வாரத்தில் விழுந்தால் குருத்து ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமைக்கு வரும். ஆகையால் ஆண்டின் தொடக்கத்திலேயே பங்குத்தந்தையிடம் தேதியை உறுதிசெய்துகொண்டு, பீடத்தை மந்திரிக்க அவர் வரும் நேரத்தையும் கேட்டு வையுங்கள்.

உலர்ந்த பணியாரங்களையும் எள் பிஸ்கட்டுகளையும் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு முன்பே சுடத் தொடங்கலாம். காற்றுப்புகாத டப்பாவில் வைத்தாலோ உறைபெட்டியில் வைத்தாலோ அவை கெடுவதில்லை. அலங்கார அப்பங்களைக் கடைசி வாரத்திலும், பீடத்தின் சட்டகத்தை மார்ச் 16 அல்லது 17இலும் வைத்துக்கொள்ளுங்கள். 18ஆம் தேதி மாலைக்குள் பீடம் முழுமையாக நிறைந்திருக்க வேண்டும். பொதுவாக அன்று மாலைதான் மந்திரிப்பும், ஊரார் வந்து பார்ப்பதும். பந்தி 19ஆம் தேதி நண்பகலில்.

பீடத்தை நிறுவுதல்

மூன்று அடுக்கு என்பது மாறாத விதி. அது மூவொரு கடவுளைக் குறிக்கிறது. கெட்டியான நீள மேசையொன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதன்மேல் பலகைப் பெட்டிகளால் இரண்டு படிகளை எழுப்பினாலே போதும். அப்பமும் பழமும் சேர்ந்தால் எடை கணிசமாக ஏறும் என்பதால், மடக்கு மேசையை நம்ப வேண்டாம். எல்லா அடுக்குகளையும் தரைவரை தொங்கும் வெள்ளைத் துணியால் மூடுங்கள். மேலடுக்கின் நடுவில் சூசையப்பர் சுரூபம். இருபுறமும் வெள்ளை லில்லி மலர்கள். நடு அடுக்கில் பெரிய அலங்கார அப்பங்களும் அத்திப் பணியாரங்களும். கீழடுக்கில் காய், கனி, மீன், மதுப்புட்டிகள், ஆட்டுக்குட்டி வடிவக் கேக், அவித்த அல்லது வறுத்த ஃபாவா.

குடும்பத்தில் இறந்தோரின் படங்களை ஓர் ஓரத்தில் வைப்பது வழக்கம். வருகிறவர்கள் தங்கள் வேண்டுதலைச் சீட்டில் எழுதிப் போடுவதற்கு ஒரு கூடையும், காணிக்கைக்கு மற்றொன்றும் வேண்டும். மெழுகுத்திரிகளைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, மலரும் துணியும் எட்டாத தூரத்தில் நிறுத்துங்கள்; பார்க்க வரும் கூட்டத்தில் ஒரு கை பட்டாலும் ஆபத்து.

சமைத்த மீனையும் முட்டை அடைகளையும் முதல் நாள் மாலையிலிருந்தே பீடத்தில் வைத்துவிட்டு மறுநாள் பரிமாறுவது சரியல்ல. முதல் நாள் பீடத்தில் அப்பம், பணியாரம், முழுக் காய்கறி, பழம் ஆகியவற்றை வையுங்கள். மீன் உள்ளிட்ட சமைத்த உணவு பந்தி நேரத்தில் அடுக்களையிலிருந்து சுடச்சுட வரட்டும்.

அப்பம்: பீடத்தின் உயிர்

மற்ற எதைக் குறைத்தாலும் அப்பத்தைக் குறைக்கக் கூடாது. சூசையப்பர் தச்சர் என்பதால் சுத்தியல், ரம்பம், ஏணி ஆகிய வடிவங்களிலும், அவருடைய கோல், தாடி, செருப்பு ஆகிய வடிவங்களிலும், சிலுவை, நற்கருணையை வைத்துக் காட்டும் கதிர்ப்பாத்திரம், திருக்கிண்ணம் ஆகியவற்றின் வடிவங்களிலும் அப்பங்கள் சுடப்படுகின்றன. நியூ ஆர்லியன்ஸில் பல குடும்பங்கள் இவற்றை அடுமனைகளில் சொல்லி வாங்குகின்றன. இரண்டு மூன்றையாவது வீட்டில் செய்வது நல்லது. குழந்தைகள் இந்த வழக்கத்தைக் கற்றுக்கொள்வது இந்த மாவுப் பலகையில்தான்.

வடிவ அப்பத்துக்கு மாவு இறுக்கமாக இருக்க வேண்டும். 1 கிலோ மைதாவுக்கு 500 மி.லி.க்கு மிகாத தண்ணீர், 20 கிராம் உப்பு, 7 கிராம் உலர் ஈஸ்ட், இரண்டு கரண்டி ஆலிவ் எண்ணெய் போதும். கால் மணி நேரம் நன்றாகப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி, இரு மடங்காக உப்பும்வரை வைத்து, பிறகு காற்று முழுவதும் போகும்படி மறுபடி பிசையுங்கள். இந்த இரண்டாம் பிசைதலை விட்டுவிட்டால் அடுப்பில் அப்பம் கண்டபடி உப்பி, ஏணி ஏணியாகத் தெரியாது. தாடிக்கு, மாவைத் தட்டையான முக்கோணமாக்கி, கத்தரிக்கோலால் கீழிருந்து மேலாக நீள நீளமாக வெட்டி, ஒவ்வோர் இழையையும் விரலால் சற்று முறுக்கிவிட வேண்டும். ஏணிக்கும் சிலுவைக்கும் துண்டுகள் சேருமிடத்தில் முட்டை வெள்ளைக்கருவைத் தடவி அழுத்துங்கள். வடிவம் செய்தபின் 20 நிமிடத்துக்கு மேல் உப்ப விடாமல், மேலே முட்டை மஞ்சள்கருவைப் பூசி, எள் தூவி, 190 டிகிரி செல்சியஸில் சுடுங்கள். மெல்லிய பாகங்கள் முதலில் சிவந்துவிடும். அவற்றை மட்டும் அலுமினியத் தாளால் மூடிவிட்டு, தடித்த பாகம் வேகும்வரை பொறுத்திருக்க வேண்டும். வடிவத்தை வெட்டுமுன் உங்கள் அடுப்புத் தட்டின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள்.

அத்திப் பணியாரமும் கூம்பும்

குச்சிதாத்தி எனப்படும் அத்திப் பணியாரத்துக்கு, 1 கிலோ உலர் அத்தி, கால் கிலோ உலர்திராட்சை, இரண்டு ஆரஞ்சின் தோல் சீவல், பட்டைத்தூள், சிறிது மிளகுத்தூள், தேன் ஆகியவற்றைச் சேர்த்து அரைத்து உள்ளீடு தயாரிக்க வேண்டும். இதை இரண்டு மூன்று வாரம் முன்னதாக அரைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் மணம் நன்றாக ஊறும். மெல்லியதாகத் தேய்த்த இனிப்பு மாவில் உள்ளீட்டை வைத்துச் சுருட்டி, விரல் நீளத்துக்கு வெட்டி, 180 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் சுட்டு, ஆறியபின் சர்க்கரைப் பாகு பூசி வண்ண மிட்டாய் மணிகளைத் தூவுவது சிறிய வகை. பீடத்துக்கென்றே செய்யும் பெரிய வகையில், சிலுவை, இதயம், கதிர்ப்பாத்திரம் போன்ற வடிவத்தில் உள்ளீட்டைப் பரப்பி, மேல்மாவில் கூரிய கத்தியால் பூ வேலைப்பாட்டை வெட்டியெடுத்து, அந்தத் துளைகளின் வழியே கருத்த அத்தி தெரியும்படி செய்வார்கள். இதற்குப் பொறுமையும் அனுபவமும் வேண்டும். முதல் ஆண்டில் ஒரே ஒரு பெரிய பணியாரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பின்யொலாத்தி என்பது நம் மனோகரத்தைப் போலவே செய்யப்படுவது. அரைக்கிலோ மைதாவை 5 அல்லது 6 முட்டை விட்டுப் பிசைந்து, கயிறாகத் திரித்து, சுண்டுவிரல் நுனியளவு வெட்டி எண்ணெயில் பொரித்து, 300 முதல் 400 கிராம் சர்க்கரையைப் பொன்னிறப் பாகாக உருக்கி அதில் புரட்டி, சூடு ஆறுமுன் கூம்பாகக் கூட்ட வேண்டும். குழந்தை இயேசு விளையாடிய பைன்மரக் காயை இது குறிப்பதாகச் சொல்வார்கள். உருகிய சர்க்கரை கையைக் கடுமையாகச் சுட்டுவிடும். அருகில் ஐஸ் தண்ணீர்ப் பாத்திரம் இருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் கையை அதில் நனைத்த பிறகே தொட வேண்டும், குழந்தைகளை இந்த வேலைக்குச் சேர்க்கக் கூடாது.

பந்திச் சமையல்

முதன்மையான உணவு மத்தி மீன் சேர்த்த பாஸ்தா. ஆலிவ் எண்ணெயில் வெங்காயமும் பூண்டும் வதக்கி, தக்காளி விழுதைச் சேர்த்துச் சிறுதீயில் நெடுநேரம் சுண்டவிட்டு, அவித்து நறுக்கிய பெருஞ்சீரகக் கீரை, மத்தி, உலர்திராட்சை, பைன் பருப்பு ஆகியவற்றைக் கடைசியில் சேர்ப்பார்கள். ஓர் ஆளுக்கு 100 கிராம் உலர் பாஸ்தா என்று கணக்கிட்டால் 50 பேருக்கு 5 கிலோ வரும். மேலே பாலாடைக்கட்டி தூவுவது கிடையாது. அதற்குப் பதிலாக, பழைய ரொட்டியைத் தூளாக்கி, ஆலிவ் எண்ணெயில் சிறிது சர்க்கரையோடு பொன்னிறமாக வறுத்து, கையால் அள்ளித் தூவுகிறார்கள். அது தச்சுப்பட்டறையின் மரத்தூள். பாலாடைக்கட்டி வாங்க வழியில்லாத ஏழையின் சமையல் இது என்பதையும் மறக்கக் கூடாது. ருசிக்காக அதைச் சேர்த்துவிட்டால் பந்தியின் பொருளே மாறிவிடும்.

இதனுடன் ரொட்டித்தூளும் பூண்டும் அடைத்து வேகவைத்த ஆர்ட்டிச்சோக் என்னும் பூமொட்டு, மாவில் தோய்த்துப் பொரித்த காலிபிளவர், கத்திரிக்காய், ஆர்ட்டிச்சோக் இனத்தைச் சேர்ந்த கார்டூன் செடியின் தண்டு, கீரை போட்ட முட்டை அடை, பருப்பு சூப், முழு மீன் ஆகியவை சேரும். எத்தனை வகை என்பதற்கு வரையறை இல்லை. பாஸ்தா குறையாமல் இருந்தால் மற்றவை குறைந்தாலும் பாதகமில்லை.

கதவு தட்டும் சடங்கு

18ஆம் தேதி வாசல் நிலையில் பச்சைக் கிளையொன்றைக் கட்டுங்கள். இந்த வீட்டில் பீடம் இருக்கிறது, யாரும் உள்ளே வரலாம் என்பதற்கு அதுவே அடையாளம். கட்டிய பிறகு வருகிறவரிடம் யார், எவர் என்று கேட்கக் கூடாது.

19ஆம் தேதி நண்பகலில் 'துப்பா துப்பா' எனப்படும் இந்தக் கதவு தட்டும் சடங்கு நடைபெறும். குழந்தைகள் மூவர் இயேசு, மரியா, சூசையாக உடையணிந்து வருவார்கள். சில இடங்களில் வானதூதர்களும் அப்போஸ்தலர்களும் உடன் வருவதுண்டு. பழங்காலச் சிசிலியில் இந்த வேடத்துக்கு ஊரிலிருந்த ஏழைகளையும் அனாதைக் குழந்தைகளையுமே தேர்ந்தெடுத்தார்கள். இன்றைக்குப் பேரப்பிள்ளைகளை நிறுத்துவது வழக்கமாகிவிட்டாலும், புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பத்தின் குழந்தையை இதில் சேர்த்துக்கொள்வது பழைய முறைக்கே நெருக்கமானது என்பது என் கருத்து.

திருக்குடும்பம் முதற்கதவைத் தட்டும். "யார் அங்கே?" என்று உள்ளிருந்து கேட்பார்கள். "இயேசு, மரி, சூசை." "என்ன வேண்டும்?" "உணவும் தங்க இடமும் வேண்டும்." "இங்கே இடமில்லை, வேறிடம் போங்கள்." இரண்டாம் கதவிலும் அதே மறுமொழி. மூன்றாம் கதவு திறக்கும். வீட்டுக்காரர் தாமே வந்து, பந்தி தயாராக இருக்கிறது, வாருங்கள் என்று உள்ளே அழைத்துச் செல்வார். வீட்டில் ஒரே வாசல்தான் இருக்கிறதென்றால் பக்கத்து வீடுகள் இரண்டின் கதவைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அதுவே சிறப்பு.

முதலில் உண்பது அந்தக் குழந்தைகள்தான். பீடத்திலுள்ள ஒவ்வொரு வகையிலும் சிறிது அவர்களுக்குப் பரிமாற வேண்டும், ஒவ்வொரு தட்டு வரும்போதும் கூடியிருப்போர் "விவா சான் ஜுசெப்பே!" (புனித சூசையப்பர் வாழ்க!) என்று உரக்க வாழ்த்துவார்கள். அவர்கள் உண்டு முடிக்கும்வரை வேறு எவரும் கைவைப்பதில்லை. அதன்பின் வாசலில் நிற்கிற எல்லோருக்கும் பந்தி.

விடைபெறுவோர் கையில் கொடுப்பது

புறப்படுகிற ஒவ்வொருவருக்கும் சிறு பையில் மந்திரித்த அப்பத்துண்டு, ஒன்றிரண்டு பணியாரம், சூசையப்பர் படம், உலர்ந்த ஃபாவா ஒன்று ஆகியவற்றைக் கொடுப்பார்கள். அந்த அவரையைப் பணப்பையில் வைத்திருந்தால் கையில் காசு அற்றுப்போகாது என்பது நம்பிக்கை. பீடத்திலிருந்து யாருக்கும் தெரியாமல் ஓர் எலுமிச்சையை எடுத்துச் செல்லும் கன்னிப்பெண்ணுக்கு அடுத்த திருநாளுக்குள் திருமணம் கூடும் என்பார்கள். ஆகவே எலுமிச்சையை எளிதில் கை எட்டும் ஓரத்தில் வைத்துவிட்டு, எடுப்பவரைக் கண்டும் காணாதவர்போல் இருங்கள்.

ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ளவர்கள் ஃபாவாவை உண்டால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். குழந்தைகளுக்கு இது இன்னும் கடுமையாக இருக்கும். இக்குறைபாடு மத்தியதரைக்கடல் மக்களிடையேயும் இந்தியர்களிடையேயும் காணப்படுவது. ஆகையால், பையிலுள்ள அவரை வைத்துக்கொள்வதற்கே, உண்பதற்கு அல்ல என்று ஒரு சீட்டில் எழுதிப் போடுங்கள். பந்தியில் ஃபாவா இருந்தால் அதன் பெயரைத் தட்டின்முன் தெளிவாக எழுதி வையுங்கள்.

இந்த வழக்கம் இன்று சிசிலியர்களோடு நிற்கவில்லை. நியூ ஆர்லியன்ஸின் கறுப்பின ஆன்மிகத் திருச்சபைகளும் சூசையப்பர் பீடங்களை வைக்கின்றன. மார்டி கிரா இந்தியர் எனப்படும் கறுப்பினக் குழுவினர் தாங்களே தைத்த இறகு ஆடைகளோடு சூசையப்பர் இரவிலும் வீதிக்கு வருகிறார்கள். அவர்கள் உங்கள் பகுதியில் இருந்தால் முன்கூட்டியே அழைப்புச் சொல்லுங்கள்.

பீடத்தைக் கலைத்தல்

பந்தி முடிந்ததும் மிஞ்சிய உணவை அன்றே பிரித்து, ஏழைகளுக்கு உணவிடும் இல்லங்களுக்கும், வீட்டைவிட்டு வெளிவர இயலாத முதியோருக்கும், நோயாளிகளுக்கும் அனுப்ப வேண்டும். இதற்கு வண்டியோடு மூவரை முன்னதாகவே நியமித்துவிடுங்கள், ஏனெனில் மாலையில் சமைத்தவர்கள் எல்லோரும் களைத்துப் போயிருப்பார்கள். வீட்டுக்கென்று பெரும் பங்கை எடுத்துவைப்பது முறையல்ல. காணிக்கைக் கூடையை இருவர் சேர்ந்து எண்ணி, தொகையை எழுதி வைத்து, அந்த வாரத்துக்குள்ளேயே உரிய இடத்தில் சேர்த்துவிட வேண்டும்.

வீட்டில் வைத்துக்கொள்ளத் தக்கது மந்திரித்த அப்பத்தின் ஒரு துண்டு. நியூ ஆர்லியன்ஸில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். பெருங்காற்று எழும்போது, சூசையப்பரை வேண்டிக்கொண்டு அந்த அப்பத்தைக் கிள்ளி வாசலுக்கு வெளியே போடுவது அங்குள்ள குடும்பங்களின் வழக்கம். இதற்காக எடுத்துவைக்கும் துண்டில் உள்ளீடோ பாகோ இருக்கக் கூடாது. வெறும் மாவு அப்பத்தை மிதமான சூட்டில் முற்றிலும் உலர்த்தி, ஆறவிட்டு, துணியில் சுற்றி டப்பாவில் வைத்தால் பூசணம் பிடிக்காமல் இருக்கும். அடுத்த மார்ச்சில் புதிய துண்டு வந்ததும், பழையதைக் குப்பையில் போடாமல் மண்ணில் புதைத்துவிட வேண்டும்.